ஒரு பாட்டு, ஐந்து ரீமிக்ஸ்: சேர்த்து விற்றால் என்ன விலை?

கேள்வி: நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து எலக்ட்ரானிக் இசை செய்கிறோம். போன மாதம் ஒரு சிங்கிளை 1 டாலருக்குப் போட்டோம், ஓரளவு விற்றது. இப்போது தெரிந்தவர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு ரீமிக்ஸ் செய்து கொடுத்திருக்கிறார்கள். "மொத்தம் ஆறு டிராக், 6 டாலர். பாதி விலை என்று சொல்லி 3 டாலருக்குத் தள்ளிவிடலாம்" என்கிறார் நண்பர். எனக்கோ நம் பாட்டை நாமே மலிவாக்குவதுபோலப் படுகிறது. சேர்த்து மட்டும் விற்பதா, தனித்தனியாகவும் விற்பதா? ஏற்கெனவே சிங்கிளை வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? ரீமிக்ஸ் செய்தவர்களுக்குப் பங்கு எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் உங்கள் சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். 3 டாலர் என்ற எண் பரவாயில்லை, நண்பர் அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு. ஆறு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குவது விற்பவர் போடும் கணக்கு. வாங்குகிறவர் அப்படிக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. ஒரே பாட்டை ஆறு விதமாகக் கேட்க யாருக்கு ஆசை? உங்களுக்கு இருக்கும், ரீமிக்ஸ் செய்த ஐந்து பேருக்கு அவரவருடையதைக் கேட்க இருக்கும். மற்றவர்கள் மூலப் பாட்டைக் கேட்பார்கள், கூட ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஆக நீங்கள் விலை சொல்லப்போவது ஆறு டிராக் வேண்டும் என்பவரிடம் அல்ல, இரண்டு போதும் என்பவரிடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சேர்த்து விற்றால் ஏன் லாபம் என்பதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பழைய விளக்கம் உண்டு. அமெரிக்காவில் படங்களை வைத்திருந்த நிறுவனங்கள் "இந்தப் படம் வேண்டுமானால் அந்தப் படத்தையும் சேர்த்து எடு" என்று கட்டாக விற்று, அது வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. அதை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1963இல் எழுதிய சின்னக் குறிப்பின் சாரம் இது: இரண்டு வாடிக்கையாளர்களின் ஆசை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருந்தால்தான் கட்டாக விற்பதில் காசு.

உங்கள் பாட்டிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு ரசிகர், மூலப் பாட்டுக்கு 2 டாலர் கொடுப்பார், கிளப்பில் ஆடுவதற்கென்று செய்த கிளப் மிக்ஸுக்கு 50 சென்ட்தான். ஒரு டிஜே, அவருக்கு நேர் தலைகீழ்: கிளப் மிக்ஸுக்கு 2 டாலர், மூலப் பாட்டுக்கு 50 சென்ட். தனித்தனியாக 2 டாலர் வைத்தால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், உங்களுக்கு 4 டாலர். இரண்டையும் சேர்த்து 2.50 என்று வைத்தால் இருவருமே வாங்குவார்கள், 5 டாலர். யாரையும் ஏமாற்றவில்லை, விலையைக் குறைத்த மாதிரிகூட இல்லை, ஒரு டாலர் கூட வந்துவிட்டது.

இப்போது மூலப் பாட்டை எடுத்துவிட்டு, ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு கிளப் மிக்ஸை வையுங்கள். டிஜே இரண்டுக்கும் தலா 2 கொடுப்பார், ரசிகர் இரண்டுக்கும் தலா 50 சென்ட். தனித்தனியாக விற்றால் டிஜேயிடமிருந்து 4. சேர்த்து 4 என்று வைத்தாலும் அதே 4. ரசிகரையும் இழுக்கலாம் என்று 1 டாலருக்கு இறக்கினால் மொத்தமே 2. கட்டியதால் ஒரு பைசா லாபமில்லை, இறக்கினால் நஷ்டம் வேறு.

அதனால் விலையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஐந்து ரீமிக்ஸையும் வரிசையாகப் போட்டுக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது யாருக்கு?" என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்தில் மூன்று ஒரே வேகத்தில், ஒரே மாதிரி கிக் அடித்துக்கொண்டு போகிறதா? அப்படியானால் அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி. அவற்றில் ஒன்றைத்தான் தொகுப்பில் வைக்க வேண்டும். தாளமே இல்லாமல் மெதுவாக ஒருவர் செய்திருந்தால் அதை விடாதீர்கள், தனியாக விற்க நினைத்தால் அது ஓடாது, ஆனால் தொகுப்புக்கு எடை கொடுப்பது அதுதான். நண்பர்கள் மனம் கோணக் கூடாது என்று ஐந்தையும் உள்ளே திணிப்பது பலரும் செய்வது. அது நட்புக்கு நல்லது, வியாபாரத்துக்கு நல்லதில்லை.

என் யோசனை, மூலப் பாட்டு, கூட மூன்று ரீமிக்ஸ், ஆக நான்கு டிராக். இன்னொன்றும் கவனியுங்கள்: ஆப்பிள் மியூசிக் மூன்று டிராக் வரைதான் பொதுவாக சிங்கிள் என்று வகைப்படுத்தும், நான்கு முதல் ஆறு வரை இருந்து மொத்தம் 30 நிமிடத்துக்குள் என்றால் அது இபி, அதாவது சிங்கிளைவிடப் பெரிய, ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு. நான்காவது டிராக் சேர்ந்ததும் உங்கள் ரிலீஸின் பெயருக்குப் பின்னால் தானாகவே இபி என்று ஒட்டிக்கொள்ளும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது கூடுதல் சரக்கு. மீதி இரண்டு ரீமிக்ஸ் எங்கே போகும் என்று கேட்பீர்கள், வருகிறேன்.

சரி, விலை. ஒரு டிராக் 1 டாலர் என்றால் இரண்டு டிராக் 2 டாலர். இரண்டு வேண்டும் என்று வந்தவர் "இன்னும் கொஞ்சம் போட்டால் எல்லாமே கிடைக்கிறதே" என்று நினைக்கும் இடத்தில் தொகுப்பின் விலை இருக்க வேண்டும். 2.50இலிருந்து 3 வரை. நான்கு டிராக்குக்கு 3 வையுங்கள். நண்பர் சொன்ன எண்தான், ஆனால் "பாதி விலை" என்ற வார்த்தை எங்கேயும் வேண்டாம். முதல் ரிலீஸிலேயே பாதி விலை என்று சொல்லிவிட்டால் அடுத்த சிங்கிளை முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? அதுவும் சீக்கிரம் பாதிக்கு வரும் என்று காத்திருப்பார்கள். "நான்கு டிராக், 3 டாலர்" என்று மட்டும் போடுங்கள். பேண்ட்கேம்ப் மாதிரி, கலைஞர்களே நேரடியாக விற்கும் இடத்தில் 3 என்பதைக் குறைந்தபட்ச விலையாக வைத்து, விருப்பமிருந்தால் கூடக் கொடுக்கலாம் என்ற வசதியைத் திறந்து விடுங்கள். 5 கொடுக்க நினைத்து வருபவரிடம் 3 போதும் என்று நாமே சொல்ல வேண்டியதில்லையே.

மலிவாக்குகிறோமோ என்ற உங்கள் கவலைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், நண்பரிடமும் காட்டுங்கள். உங்கள் சொந்தத் தளத்தில் கார்டு மூலம் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைப் போன்ற சேவை அமெரிக்காவில் வழக்கமாக ஒரு பரிவர்த்தனைக்கு 2.9 சதவீதமும் அதற்கு மேல் 30 சென்ட்டும் எடுக்கிறது. சதவீதம் பெரிய விஷயமில்லை, அந்த 30 சென்ட்தான் ஆளைக் கொல்வது. 1 டாலர் டிராக்கில் கிட்டத்தட்ட 33 சென்ட் போய் உங்கள் கைக்கு 67 சென்ட் வரும். ஒருவர் நான்கு டிராக்கையும் நான்கு வெவ்வேறு நாளில் வாங்கினால் உங்களுக்கு மொத்தம் 2.68. அதையே தொகுப்பாக 3 டாலருக்கு ஒரே தடவை வாங்கினால் 39 சென்ட் போக 2.61. வாங்குபவருக்கு ஒரு டாலர் மிச்சம், உங்களுக்குக் குறைவது 7 சென்ட். அந்த டாலரின் பெரும் பகுதியை விட்டுக்கொடுப்பது பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனம், நீங்கள் இல்லை. (நான்கையும் ஒரே பில்லில் வாங்குகிற ஆள் வந்தால் கணக்கு மாறும், அங்கே 3.58 கிடைத்திருக்கும். ஆனால் ஒரு பாட்டின் நான்கு வடிவத்தை ஒரே மூச்சில் முழு விலைக்கு வாங்குபவரை நம்பி விலை போட முடியாது.)

சேர்த்து மட்டும் விற்பதா, தனியாகவும் விற்பதா என்றால், இரண்டும். பொருளாதார அறிஞர்கள் வில்லியம் ஆடம்ஸும் ஜேனட் யெல்லனும் 1976இல் காட்டியது இதைத்தான்: தனியாக மட்டும் விற்பதையும் கட்டாக மட்டும் விற்பதையும்விட, இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் பல நேரம் கூடுதலாகக் கிடைக்கும். காரணம், ஒரே ஒரு டிராக்கில் மட்டும் உயிராக இருக்கிறவர் எப்போதும் இருப்பார். குறிப்பாக டிஜேக்கள். பீட்போர்ட் மாதிரியான கடைகளில் அவர்கள் ஒவ்வொரு டிராக்காகப் பொறுக்குகிறார்கள், ஒலித்தரம் குறையாத வேவ் கோப்பு வேண்டும் என்றால் கூடுதலாகவும் கொடுக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று தான் வாசிக்கப்போகாத மூன்று டிராக்கைத் தன் லைப்ரரியில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், தேடுவதற்குத் தொல்லை.

அவர்களுக்கு வேறு மாதிரி கட்டுங்கள். டிஜேக்குப் பாட்டின் ஐந்து கோணம் தேவையில்லை, ஒரு பாட்டை வைத்து வேலை செய்ய வேண்டியதெல்லாம் தேவை. தொடக்கத்திலும் முடிவிலும் 16 அல்லது 32 பார் (தாளச் சுற்று) வெறும் தாளமாக விட்ட எக்ஸ்டெண்டட் மிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டல், குரல் மட்டும் உள்ள அகபெல்லா, வலுவான ஒரு கிளப் ரீமிக்ஸ். எல்லாம் வேவில், கோப்புப் பெயரிலேயே பிபிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) சுருதியும். இதை 5 டாலருக்கு வையுங்கள். மலிவாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் இதை வாங்குபவர் இதை வைத்துச் சம்பாதிப்பவர். மீதி வைத்த இரண்டு ரீமிக்ஸில் கிளப் பக்கம் சாய்வது இங்கே வரட்டும். இன்னொன்றைத் தனி டிராக்காக, சில வாரம் கழித்து விடுங்கள்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து "டிஜிட்டலில் அடக்கவிலை இல்லையே, எவ்வளவு சேர்த்தாலும் நல்லதுதானே, ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் அப்படித்தானே செய்கின்றன" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. யானிஸ் பாகோஸும் எரிக் பிரைன்ஜோல்ஃப்சனும் 1999இல் எழுதிய ஆய்வு அதைத்தான் சொல்கிறது: நகல் எடுக்கச் செலவில்லாத பொருள்களை நிறையச் சேர்க்கச் சேர்க்க, ஒருவருக்கு இது பிடிக்கும் அது பிடிக்காது என்ற ஏற்ற இறக்கம் சராசரியில் அடங்கி, மொத்த விலையைக் கணிப்பது எளிதாகும். ஆனால் அந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் ஆறும் ஒரே பாட்டு. பாட்டு பிடிக்காதவருக்கு ஆறுமே பிடிக்காது, சராசரி எங்கே அடங்கும்? இந்தத் தத்துவம் உங்களுக்கு வேலை செய்யும் இடம் வேறு. இதுவரை போட்ட எல்லா ரிலீஸையும் மொத்தமாகத் தருவது. பேண்ட்கேம்பில் முழு டிஸ்கோகிராபியையும் தள்ளுபடியோடு விற்கும் வசதி இருக்கிறது. பெரிய தள்ளுபடி கொடுக்க ஆசை என்றால் அங்கே கொடுங்கள், 30 சதவீதம்கூடக் கொடுக்கலாம். புதிதாக உங்களைக் கண்டுபிடித்து மயங்கிப்போன ஒருவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. முதலில் ஓடி வந்து வாங்கியவர்தான் உங்கள் நெருங்கிய ரசிகர், தாமதமாக வந்தவருக்குக் குறைந்த விலையும் அவருக்கு இரட்டைச் செலவும் என்றால் அடுத்த முறை அவரும் தாமதமாகத்தான் வருவார். இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐட்யூன்ஸ் கடை 2003இல் பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் என்று தொடங்கியபோது, ஒன்றிரண்டு பாட்டு வாங்கியவர் பிறகு ஆல்பம் வேண்டும் என்றால் முழு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2007இல் ஆப்பிள் அதை மாற்றி, ஏற்கெனவே வாங்கிய பாட்டுக்கான காசைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் ஆல்பம் உங்களுடையது என்று ஒரு வசதி கொண்டுவந்தது, தொடக்கத்தில் அதற்கு 180 நாள் கெடு. நீங்களும் அதையே செய்யுங்கள். சிங்கிளை வாங்கியவர்களுக்கு 1 டாலர் கழியும் ஒரு தள்ளுபடிக் குறியீடு, தொகுப்பு அவர்களுக்கு 2 டாலர். நீங்கள் விற்கும் இடத்தில் குறியீடு அனுப்ப வழியில்லை என்றால், எங்கும் விற்காத ஒரு டெமோவை அவர்களுக்கு மட்டும் இலவசமாக அனுப்புங்கள். எதுவானாலும் தொகுப்பு வெளிவருவதற்கு முந்தைய நாளே அந்தச் செய்தி அவர்களுக்குப் போய்விட வேண்டும். வெளியான பிறகு அவர் கோபமாக எழுதி, அதற்குப் பதிலாகக் கொடுத்தால் அது சலுகையாகத் தெரியாது, சமாதானமாகத்தான் தெரியும்.

எப்போது விடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு ரீமிக்ஸாக இரண்டு வாரத்துக்கு ஒன்று விடுங்கள், அந்தந்த நாளில் அதைச் செய்தவர் தன் ஆட்களை அழைத்து வருவார், மூன்றாவதும் வந்த அன்று தொகுப்பைத் திறங்கள். பேண்ட்கேம்ப் 2020 மார்ச்சிலிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் டிஜிட்டல் விற்பனையில் வழக்கமாக எடுக்கும் 15 சதவீதப் பங்கை விட்டுக்கொடுக்கிறது, தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். தொகுப்பை அப்படி ஒரு வெள்ளிக்கு வைத்தால் விலையைத் தொடாமலே உங்கள் பங்கு கூடும்.

ஸ்ட்ரீமிங்கில் இந்த விலைப் பேச்சுக்கே இடமில்லை, ஆனால் வேறொரு குழி இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து, முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடாத டிராக்குக்கு ஒலிப்பதிவு ராயல்டி கணக்கில் எதுவும் சேர்ப்பதில்லை. ஆறு வடிவத்தையும் ஏற்றி ஒவ்வொன்றும் 400 முறை ஓடினால் மொத்தம் 2400, உங்களுக்கு வருவது பூஜ்யம். அதே 2400 ஒரே டிராக்கில் விழுந்திருந்தால் ஏதோ கொஞ்சம் வந்திருக்கும். ஆகவே மூலப் பாட்டையும் நன்றாக ஓடும் என்று நம்புகிற ஒரே ஒரு ரீமிக்ஸையும் மட்டும் ஸ்ட்ரீமிங்கில் ஏற்றுங்கள். மற்றவை வாங்கினால்தான் கிடைக்கும் என்று இருக்கட்டும். எல்லாமே இலவசமாகக் கேட்கக் கிடைத்தால் 3 டாலர் எதற்கு என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

கடைசியாகப் பங்கு. நட்பு முறிவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் தொகையால் இல்லை, முன்பே பேசாததால். ரீமிக்ஸ் செய்தவருக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடலாம், அப்படியானால் நீங்கள் எப்படிக் கட்டி விற்றாலும் அவருக்கு ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. பங்கு என்றால், "உன் ரீமிக்ஸ் விற்பதில் பாதி" என்று வாயால் சொன்னது தொகுப்புக்கு எப்படிப் பொருந்தும் என்பதை எழுத வேண்டும். எளிய வழி, தொகுப்பில் செலவு போக வந்ததை டிராக் எண்ணிக்கையால் வகுப்பது. மேலே பார்த்த 2.61ஐ நான்கால் வகுத்தால் டிராக்குக்கு 65 சென்ட், அதில் பாதி சுமார் 33 சென்ட். தனியாக 1 டாலருக்கு விற்றிருந்தால் 67இல் பாதி, அதுவும் 33ஐ ஒட்டித்தான். இந்தக் கணக்கை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், தொகுப்பில் போட்டுத் தன் பங்கைக் குறைத்துவிட்டார்கள் என்ற சந்தேகமே வராது. நேரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எட்டு நிமிட ரீமிக்ஸ் செய்தவர் மூன்று நிமிட மூலப் பாட்டைவிட அதிகம் வாங்கிக்கொண்டு போவார்.

"செலவு போக" என்பதில் என்னென்ன செலவு என்று பட்டியல் போடுங்கள். தளத்தின் பங்கு, பணப் பரிமாற்றக் கட்டணம், அவ்வளவுதான். அட்டைப்படம் வரைந்த செலவையெல்லாம் அதில் நுழைத்தால் பிறகு வம்பு. பாட்டை எழுதி மெட்டமைத்ததற்கான உரிமை உங்களிடமே இருக்கிறது, ரீமிக்ஸ் செய்ததால் ஒருவர் பாட்டின் இணை ஆசிரியர் ஆகிவிடுவதில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு ரீமிக்ஸுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண்) வாங்குங்கள். மூலப் பாட்டின் எண்ணையே போட்டு ஏற்றினால் விற்பனை அறிக்கையில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க ஆண்டவனாலும் முடியாது. ஐந்து பேரிடமும் வேறு யாருடைய பாட்டிலிருந்தாவது துண்டு எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டே எதையும் ஏற்றுங்கள். தொகுப்பில் ஒரு டிராக்குக்குப் புகார் வந்தால் அந்த ரிலீஸ் முழுவதையும் கீழே இறக்க வேண்டி வரலாம், அதில் உங்கள் சொந்தப் பாட்டும் சேர்ந்து போகும்.